பதினான்கு வாரம் காத்திருந்த லேசர்: பவானி நெசவாளர் ஒருவரின் ஈறு வளர்ச்சி

புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈரோடு ஜவுளிச் சந்தைக்குச் சரக்குப் போட வந்தவர் கையோடு என் கிளினிக்குக்கும் வந்தார். வயது 58. பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ‘வலியில்லா லேசர் பல் சிகிச்சை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதைத்தானுங்க எனக்கு வெச்சு உடோணும். இன்னைக்கே முடிச்சுக் குடுத்தீங்கன்னா தேவலைங்க டாக்டரம்மா. தறி நிக்குதுங்க.”

தறி நிற்கிறது என்றால் அவர் வேலை மட்டும் நிற்பதில்லை. பவானி ஜமக்காளம் அகலமானது. குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து நாடாவை வீசி வாங்கினால்தான் ஓடும். அவருக்கு அந்தப் பக்கம் உட்காருவது அவர் மனைவி. இவர் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு கூலி போகும். அவசரத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்றைக்கு லேசரைத் தொடவில்லை. அப்புறம் பதினான்கு வாரம் தொடவில்லை. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் வாங்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வாய்க்குள் பார்த்தது

மேல்வரிசை முன்பற்களில் ஈறு பாதிப் பல் வரைக்கும் இறங்கியிருந்தது. மேல் நடுப்பல்லின் தலைப்பகுதி சாதாரணமாகப் பத்து மி.மீ. உயரம் இருக்கும். இவருக்கு வெளியே தெரிந்தது ஐந்துதான். பல்லுக்குப் பல் நடுவில் ஈறு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு நின்றது. கீழ்வரிசையிலும் அதே கதை, கொஞ்சம் குறைவு. கடைவாய்ப் பக்கம் அதிகமில்லை. தொட்டால் சில இடம் கெட்டியாக, ரப்பர் போல இருந்தது. சில இடம் சிவந்து, அளவுகோலின் முனை பட்டதுமே ரத்தம் கசிந்தது. காரை (பல்லில் கெட்டியாகப் படிந்த ஊத்தை) நிறைய.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பை மேல் நடுப்பற்களில் ஆறு மி.மீ., கோரைப்பல்லை ஒட்டி ஏழு. ஆரோக்கியமான ஈறில் ஒன்று முதல் மூன்றுக்குள் இருக்கும். இந்த ஏழைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. எலும்பு கரைந்து பை ஆழமாவது வேறு, ஈறு மேலே வளர்ந்து பை ஆழமாகத் தெரிவது வேறு. எக்ஸ்ரேயில் எலும்பு லேசாகத்தான் தேய்ந்திருந்தது, பல் எதுவும் ஆடவில்லை. பெரும்பகுதி பொய்ப் பை.

“ரெண்டு வருசமா இப்புடித்தானுங்க. பல்லு வெளக்குனாலே எகிறுல ரத்தமுங்க. வாய் நாத்தம் வேற. ஆளுங்ககிட்ட நின்னு பேசவே கூச்சமா இருக்குதுங்க” என்றார். பேசும்போதெல்லாம் துண்டு வாயருகிலேயே இருந்தது.

மாத்திரைப் பை

ஈறு வீங்கி வரும் யாரிடமும் நான் முதலில் கேட்பது மாத்திரைப் பையை. அவர் மஞ்சப்பையையே கவிழ்த்தார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்புக்கு ஒன்று, அப்புறம் பி.பி.க்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம். பி.பி. மாத்திரை மூன்று வருடமாக ஓடுகிறது, முதலில் ஐந்தாக இருந்து பத்தானது. மாசியில் நெஞ்சுவலி வந்து கோவையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஸ்டென்டுக்கு ஏழு மாதம்.

இங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஈறை வளர்க்கும் மருந்துகள் மூன்று வகை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினிட்டாய்ன் (இதைப் பற்றிய குறிப்பு 1939-லேயே வந்துவிட்டது), சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், மூன்றாவதாக நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பு மாத்திரைகள். மூன்றாவது வகையில் நிஃபெடிபினை விட அம்லோடிபின் குறைவாகவே செய்யும். ஆனால் பி.பி.க்கு ஊரெல்லாம் எழுதுகிற மாத்திரை அதுதான். அதனால் என் நாற்காலிக்கு வருகிறவர்களில் அம்லோடிபின்காரர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

ஈறுக்குள் கொலாஜன் நார் ஒரு பக்கம் உண்டாகிக்கொண்டே இருக்கும், மறு பக்கம் பழைய நார் கரைந்துகொண்டே இருக்கும். இந்த மருந்து கரைக்கிற வேலையை மந்தப்படுத்துகிறது. நெய்வது நிற்காமல், நெய்ததை அறுத்து எடுப்பதும் இல்லாமல் இருந்தால் தறியில் துணி சேருமே, அப்படித்தான் என்று அவரிடம் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் இது வருவதில்லை. உடல்வாகும் சேர வேண்டும், பல்லில் ஊத்தையும் சேர வேண்டும். அந்த ஊத்தை கிளப்பும் அழற்சிதான் வளர்ச்சிக்கு உரம். வளர்ந்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது, ஊத்தை இன்னும் சேரும், ஈறு இன்னும் வளரும்.

ஆனாலும் பாதி விடையை முழு விடை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில வகை ரத்தப் புற்றுநோய் முதன்முதலில் ஈறு வீக்கமாகவே தலைகாட்டும். அதனால் முழு ரத்த அணுப் பரிசோதனை கேட்டேன், சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரியும் கேட்டேன். அணுக்கள் சரியாக இருந்தன. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு 2.4 லட்சம். சர்க்கரை 6.1, எல்லைக்கோட்டில். பலர் இந்த மாதிரி நோயாளிக்கு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் எழுதிவிடுகிறார்கள். அது வார்ஃபரின் என்ற வேறு வகை உறைவுத் தடுப்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு உதவும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்களைத்தான் கட்டிப்போடுகின்றன, ஐ.என்.ஆரில் அது தெரியவே தெரியாது. காசுதான் வீண்.

அந்த இரண்டு நாள்

பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். என்னிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். “ரத்தம் நிக்காது, அஞ்சு நாளைக்கு அந்த ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதய மருத்துவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறார். மகள் பார்த்துச் சத்தம் போட்டு மறுபடி போட வைத்திருக்கிறாள்.

இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு முதல் ஒரு வருடம் அந்த இரண்டு மாத்திரைகளும்தான் காவல். நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிரே போகலாம். ஈறில் கசியும் ரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் உறைந்ததை என்னால் என்ன செய்ய முடியும்? பல் மருத்துவம் பார்க்கிற யாராவது இதைப் படித்தால் கெஞ்சிக் கேட்கிறேன், ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு கடிதம் எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நான் எழுதிய கடிதத்தில் இரண்டே விஷயம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நிறுத்தாமலேயே செய்யப் போகிறேன். அம்லோடிபினுக்குப் பதில் வேறு வகை கொடுக்க முடியுமா? ஒரு வாரத்தில் பதில் வந்தது. டெல்மிசார்டனுக்கு மாற்றியிருந்தார், முதல் மாதம் வாரம் ஒருமுறை பி.பி. பார்க்கச் சொல்லியிருந்தார்.

காத்திருந்த வாரங்கள்

“அப்போ லேசர் இல்லீங்களா?” என்று அவர் முகம் விழுந்தது. இருக்கிறது, ஆனால் கடைசியில் என்றேன். அழற்சியோடு இருக்கும் ஈறை இன்றைக்கே வெட்டினால் ரத்தம் அதிகம் வரும், எது தேவையான ஈறு, எது உபரி என்று எல்லை தெரியாது. காரணத்தை விட்டுவிட்டு வெட்டினால் ஆறு மாதத்தில் திரும்ப வளரும். மருந்தை மாற்றி வாயைச் சுத்தமாக்கினால் கொஞ்சம் தானாக வடியும், மிஞ்சுவதை மட்டும் வெட்டினால் போதும்.

மூன்று தவணையாகக் காரை எடுத்தோம். இரண்டு வாரம் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. ரொம்ப நாள் கொப்பளித்தால் பல்லில் கறை படியும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம் என்றேன். பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து ஈறு ஓரத்தில் வைத்துத் தேய்க்க அவர் கைக்குப் பழக இரண்டு தவணை ஆனது. ஒரே அமர்வில் முன்னூறு தடவை நாடா வீசும் கை அது, ஆனால் பல் பிரஷ்ஷில் ஒரே அழுத்து. “நூலு அறுந்துருமேன்னு இழுப்பீங்களே, அந்த மாதிரி மெதுவாங்கய்யா” என்று சொன்ன பிறகு சரியானது.

பத்தாவது வாரத்தில் ரத்தக் கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது, வாய் நாற்றம் போய்விட்டது. நடுப்பல்லில் ஆறு நான்காகவும், கோரைப்பல்லில் ஏழு ஐந்தாகவும் இறங்கின. கீழே பாதி இடங்களில் வெட்டவே தேவையில்லை என்றானது. நார் கெட்டிப்பட்டுப்போன பகுதிகள் மட்டும் அசையவில்லை. இனி அவை தானாகப் போகாது.

எந்த லேசர், ஏன்

லேசர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1960-ல் மெய்மன் செய்த முதல் லேசர் ரூபி. அதைப் பல்லில் வைத்துப் பார்த்தபோது சூடு உள்ளிருக்கும் நரம்புச் சதை வரை போனது, கைவிட்டார்கள். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் பாராமதியில் பிறந்த நம் நாட்டுக்காரர் குமார் படேல். எந்த ஒளியை எந்தப் பொருள் குடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2940 நானோமீட்டர் எர்பியம் லேசரைத் தண்ணீர் அள்ளிக் குடிக்கும். பல்லுக்குள் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடிப்பதால் அது பல்லையே செதுக்கும். அமெரிக்காவில் 1997-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. என்னிடம் இருப்பது டையோடு லேசர், 810 நானோமீட்டர். அதை ரத்தத்தின் சிவப்பும் தோலின் கருமையும் குடிக்கும். ஈறுக்கு ஏற்றது. சொத்தையைச் சுரண்ட ஆகாது. “அப்புடியே அந்தக் கடவாப்பல்லு ஓட்டையையும் இதுலயே அடைச்சுருங்க” என்று இவரும் கேட்டார். அதற்கு வழக்கமான டிரில்தான் என்றேன்.

கத்தியால் செய்திருக்க முடியாதா? முடியும். அழுத்தியும் தைத்தும் ரத்தத்தை நிறுத்தியிருக்கலாம். மின்சூட்டுக் கருவியாலும் முடியும், இவருக்குப் பேஸ்மேக்கர் இல்லை. லேசரை எடுத்ததற்கு ஒரே காரணம், வெட்டும்போதே சிறு ரத்தக் குழாய்களை அது மூடிவிடும். இரண்டு உறையா மாத்திரைகள் ஓடுகிற உடம்பில் தையல் இல்லாமல், மறைப்பில்லாமல் பார்த்துச் செய்யலாம். மற்றபடி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கத்தி வைத்த ஈறும் லேசர் வைத்த ஈறும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இதை அவரிடமும் சொன்னேன்.

தை மாதம், மேல்வரிசை

அன்று பி.பி. 134-க்கு 84. மாத்திரைகளைக் காலையில் வழக்கம்போல் போட்டு, சாப்பிட்டு வந்திருந்தார். மனைவியும் கூட இருந்து பார்க்க ஆசைப்பட்டார். சரி, இருங்கள் என்று அவருக்கும் கண்ணாடி மாட்டினோம். இது நான்காம் வகுப்பு லேசர், ஆபத்து வரிசையில் உச்சம். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒரு பளபளப்பான கருவியில் பட்டுத் தெறித்தாலும் விழித்திரை போய்விடும். அந்த அலைநீளத்துக்கு என்றே செய்த கண்ணாடி வேண்டும், வெறும் கூலிங் கிளாஸ் உதவாது. கதவில் எச்சரிக்கை அட்டை, பக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சு இல்லை, உறிஞ்சிக் கருவி முழு வேகத்தில். ஈறு எரியும் புகையில் என்னவெல்லாம் இருக்குமோ, அதை அறையில் சுற்ற விடக் கூடாது.

மரத்துப்போகும் ஊசி போட்டேன். நோட்டீஸில் ‘வலியில்லா’ என்று இருந்தது அவர் நினைவில் இருந்தது, கேட்டார். இவ்வளவு தடிமனான ஈறை ஊசியில்லாமல் வெட்டினால் வலிக்கத்தான் செய்யும். மரக்கச் செய்யும் லிக்னோகைனோடு, ரத்தக் குழாயைச் சுருக்க வரும் அட்ரினலின் 80,000-க்கு ஒன்று என்ற அளவு. இதய நோயாளிக்கு அட்ரினலின் 0.04 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம், அந்தக் கணக்கில் 3.2 மி.லி. உச்சம். எனக்கு 1.6 மி.லி. போதுமானதாக இருந்தது.

முதலில் திசுப் பரிசோதனைக்காகக் கத்தியால் ஒரு சின்னத் துண்டு எடுத்து ஃபார்மலினில் போட்டேன். லேசரால் எடுத்தால் ஓரமெல்லாம் கருகி, நுண்ணோக்கியில் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்பு பையின் அடியைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, கெட்டி ஈறு மூன்று மி.மீ.யாவது மிஞ்சும்படி கோடு போட்டுக்கொண்டேன். 400 மைக்ரான் இழை, ஒன்றரை வாட், விட்டு விட்டு வரும் துடிப்பு. இழை நுனியைப் பல் கடி பார்க்கும் நீலத் தாளில் தொட்டுக் கருக்க வேண்டும். ரத்தமும் கருமையும் குடித்தாலும், 810-ஐ ஈறுச் சதை மொத்தத்தில் அவ்வளவு நன்றாக உறிஞ்சாது. கருகிய நுனி சூடாகி, அந்தச் சூடுதான் பெரும்பாலும் வெட்டுகிறது. ஒளியே வெட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு வேகமில்லாமல் ஓரிடத்தில் வைத்தால் அடியில் எலும்பு வெந்துவிடும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும். நம்மவர்களின் கறுத்த ஈறு இந்தக் கதிரை இன்னும் அதிகமாகக் குடிக்கும் என்பதால் கருவியில் பதிந்து வரும் அளவிலிருந்து எப்போதும் ஒரு படி குறைத்தே தொடங்குகிறேன். தூரிகை போல மெல்லக் கீறி, நகர்த்திக்கொண்டே, நுனியைப் பல்வேருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, அடிக்கடி ஈரத் துணியால் கரியைத் துடைத்து வேலை நடந்தது.

பல் முழு உயரத்துக்குத் தெரிய ஆரம்பித்ததும் மனைவி எட்டிப் பார்த்து, “அட, நம்ம கல்யாணத்தப்ப இருந்த பல்லுங்க” என்றார்.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. வலது கோரைப்பல்லுக்குப் பின்னால் ஓரிடம் கசிந்துகொண்டே இருந்தது. லேசரை மறுபடி மறுபடி காட்டத் தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கும், சூடு ஏறுமே தவிர ரத்தம் நிற்காது. நிறுத்திப் பார்த்தேன். அடியில் ஒரு துளி காரையும் அழற்சிச் சதையும் விட்டுப்போயிருந்தன, என் காரை எடுப்பில் தவறியது. கைக்கருவியால் சுரண்டி எடுத்து, டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்து நான்கு நிமிடம் அழுத்தினேன். நின்றது. மொத்தம் 35 நிமிடம்.

வீட்டில்

வலிக்குப் பாராசிட்டமால் 650 மட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘வலி மாத்திரை’ எதையும் தொடக் கூடாது என்று சீட்டில் பெரிதாக எழுதினேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இந்த உறையா மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். முதல் நாள் ஆறின சந்தகையும் பாலும், அப்புறம் அரிசியும் பருப்பும் சாதம் குழைவாக. காரம், சூடு வேண்டாம். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர், குதப்பாமல், சும்மா வாயில் வைத்து விடுவது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன். “எகிறெல்லாம் வெள்ளையாச் சீழ் வெச்சிருச்சுங்க டாக்டரம்மா!” படம் அனுப்பச் சொன்னேன். சீழ் இல்லை. லேசர் காயத்தின் மேல் மஞ்சளும் வெளுப்புமாக ஒரு ஏடு படியும், அதற்கடியில்தான் புதுத் தோல் வரும். கத்திக் காயத்தை விட லேசர் காயம் முதல் வாரத்தில் மெதுவாகவே மூடும், ஓரத்தில் வெந்த சதை கழன்று போக வேண்டும் அல்லவா. முன்னாலேயே இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது எல்லோருக்கும் மூன்றாம் நாள் ஏட்டின் படத்தைக் காட்டித்தான் அனுப்புகிறேன்.

பத்தாம் நாள் ஏடு போய் இளஞ்சிவப்பாக இருந்தது. திசுப் பரிசோதனையில் தடித்த மேல்தோல், அடர்ந்த கொலாஜன், நாள்பட்ட அழற்சி, புற்று ஏதுமில்லை. மாசியில் கீழ் முன்வரிசையில் மிஞ்சிய நான்கு இடங்களை முடித்தோம், 15 நிமிடம். தறிக்கு மொத்தம் மூன்று நாள் லீவு.

பத்தாம் மாதம்

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பைகள் இரண்டு, மூன்று மி.மீ.யில் நின்றன. கோவையில் குளோபிடோக்ரெலை நிறுத்திவிட்டார்கள், ஆஸ்பிரின் தொடர்கிறது. பல்லிடுக்குப் பிரஷ் தினமும் பிடிக்கிறார் என்பது ஈறைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து வேறோர் இடத்தில் நான்கு நாள் சேர்த்திருந்தார்கள். பி.பி. ஏறியிருந்ததால் மாத்திரை ஒன்று கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்து, தவணைக்கு முன்பே வந்து நின்றார். கையில் பாதி காலியான மாத்திரைப் பட்டை.

“கீழ எகிறு மறுபடி பொடச்ச மாதிரி தெரிஞ்சதுங்க. பட்டையத் திருப்பிப் பாத்தா அம்லோன்னு போட்டிருக்குதுங்க. இது நமக்கு ஆகாததாச்சேன்னு எடுத்துட்டு ஓடியாந்தனுங்க.”

கீழ்க் கோரைப்பற்களுக்கு நடுவே இரண்டு இடத்தில் ஐந்து மி.மீ. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, அங்கேயே இதய மருத்துவரைப் போனில் பிடித்தேன். அன்று மாலையே வேறு மாத்திரை எழுதிவிட்டார். நான் காரை மட்டும் எடுத்தேன். நான்கு வாரத்தில் ஐந்து மூன்றரை ஆனது. பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறேன், மறுபடி அளந்து பார்க்க.